லிங்கனைச் சாய்த்த இரண்டு மனச்சோர்வுகள்: இரண்டும் ஏன் ஒன்றல்ல?

மனச்சோர்வுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானா? இல்லை. ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையே உதாரணம்.

9 வயதில் தாயை இழந்தவர் லிங்கன். 1835-ல் நெருங்கிய தோழி ஆன் ரட்லெட்ஜ் இறந்தபோது உடைந்துபோனார். நியூ சேலம் ஊர்க்காரர்கள் அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1841-ல் கதையே வேறு. மேரி டாட்டுடனான திருமண நிச்சயம் முறிந்தது. மேரியை வேதனைப்படுத்திவிட்டோமே, எடுத்த முடிவில் நிற்கவில்லையே எனத் தன்னையே குற்றம்சாட்டிக்கொண்டார். நண்பர் ஜோஷுவா ஸ்பீட், அறையிலிருந்த கத்திகளையெல்லாம் அப்புறப்படுத்தினார்.

உறவு போனால் நொறுங்கும் மனம் ஒன்று. தன்னையே கூண்டில் ஏற்றும் மனம் இன்னொன்று. 1974-ல் உளவியலாளர் சிட்னி பிளாட் இப்படித்தான் பிரித்தார். முதல் வகைக்குத் துணை பெரிய மருந்து. இரண்டாவதுக்கு அது மட்டும் போதாது; தன்மீதே எழுதிக்கொண்ட தீர்ப்பும் மாறணும்.

லிங்கன் 1842-ல் மேரியையே மணந்தார்.