டொக்டர் மேரி ரட்ணம்

கனடாவில் 1873இல் பிறந்த மேரி இர்வின், வைத்தியம் படித்து 1896இல் மிஷன் டொக்டராக இலங்கைக்கு வந்தவர். எங்கட ஆள் ஒருவரை, எஸ். சி. கே. ரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவரை, முடித்தார். மிஷனுக்கு அது பிடிக்கவில்லை, கைவிட்டது. ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்திலும் நின்றார்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது 1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதிதான். கனடாவில் 1897இல் தொடங்கிய கிராமப் பெண்கள் சங்கங்களைப் பார்த்துச் செய்தது. (இங்கே வெள்ளைக்காரப் பெண்கள் கூடும் விமென்ஸ் இன்ஸ்ரிரியூட்டும் அதே வழியில் வந்ததுதான்.) மருந்து கொடுத்தால் ஒரு நோய் மாறும், அவ்வளவுதான். சமிதியில் கிராமத்துப் பெண்களே கூடிச் சுகாதாரம், சமையல், தோட்டம், கைப்பணி பழகினார்கள். மற்றவர்களுக்குப் பழக்கவும் அவர்களிலேயே ஆட்களைப் பயிற்றினார்கள். வீட்டுக்குள் இருந்தவள் கூட்டத்தில் எழும்பிக் கதைப்பதென்றால் சும்மாவா?

சட்டனிலும் விழாவுக்குச் சமைப்பதும் பிள்ளைகளைப் பழக்குவதும் பெண்கள்தான். மேடையில் கதிரை ஆருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

1937இல் கொழும்பு மாநகரசபைக்கு அவர் தெரிவானார். 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. 1962இல் காலமானார். சமிதி அவருக்குப் பிறகும் நடந்தது.