கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளை

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தொழில் நடத்திய நம் மூத்தோர்களில் பலர் ரஜூலா கப்பலில் வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கைக் கடந்து, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை அந்தக் கப்பலை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனி. அதே கம்பெனியை அதற்கு முன்பே தூத்துக்குடியில் எதிர்த்து நின்றவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் பெயரை அறியாதார் இல்லை. அவருக்குத் தோள்கொடுத்த முஸ்லிம் வர்த்தகரை அறிந்தோர் சிலரே. ஆகவே அந்தப் பகுதியைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

பிள்ளையவர்கள் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வக்கீலாகி, பின்னர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கும் ஆளும் வெள்ளையர் கப்பலிலேயே போகவேண்டும். அவர்கள் சொன்னதே கூலி. ஒரு காலத்தில் நாகூர் மரைக்காயர்கள் சொந்தப் பாய்க்கப்பல்களில் பினாங்கு வரை வியாபாரம் செய்தவர்கள். நீராவிக் கப்பல் வந்தபின் அந்தத் தொழில் நம் கையை விட்டுப் போயிற்று. இதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பதே பிள்ளையவர்களின் எண்ணம்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வர்த்தகர் ஒருவரே வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! சர்க்காரின் கண் சிவக்கும் என்பது தெரியாத மனிதரல்லர் அவர். கொள்முதல், கடன், லாப நட்டம் அறிந்த நம் வாசகர்களுக்கு அந்தத் தொகையின் கனத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

முதலில் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். எதிரிக் கம்பெனியின் மிரட்டலால் கப்பல் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். பிள்ளையவர்கள் பம்பாய் சென்று முயன்றதன் பயனாக 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போயிற்று. முடிவில், இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் தருவதாகச் சொல்லிற்று! குடையை வாங்கிக்கொண்டு போன ஏழைப் பிரயாணியை ஏசுவதற்கில்லை. எத்தனை மாதம் நட்டப்பட்டாலும் தாங்கும் முதல் ஒரு பக்கம். பங்குதாரரின் சேமிப்பு மறுபக்கம். வியாபாரத் திறமை குறைந்ததால் சுதேசிக் கம்பெனி வீழ்ந்தது என்பாரை நாம் ஒப்பமாட்டோம்.

ஏனெனில் அதை நடத்திய கையையே சர்க்கார் பிடித்துக்கொண்டது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது பிள்ளையவர்கள் அவர்களுக்குத் துணை நின்றார். மார்ச் 12ஆம் நாள் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, ஆக 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் கோவைச் சிறையில் மாடு இழுக்கவேண்டிய செக்கை அந்த வக்கீல் இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டமில்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக்கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார், எதுவும் நிலைக்கவில்லை. கப்பல் விற்ற பங்குகளுக்கு ஊர் ஊராய்ப் பணம் திரட்டியவர் சில்லறை எண்ணிக் காலம் தள்ளினார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி சன்னதைத் திரும்பப் பெற்றுத் தந்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் பிள்ளையவர்கள். வெள்ளையர் ஆட்சியை வெறுத்த அவர் வெள்ளையரை வெறுக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறோம். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்ததும் இந்த வறுமைக் காலத்துப் பணிகளுள் ஒன்று.

1936 நவம்பர் 18ஆம் நாள், தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. மறைவதற்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய பாக்கிகளையும் மறவாமல் குறித்திருந்தார்.