தா.கிருட்டிணன் கொலை: தீர்ப்பு வந்தது... விடை?

மதுரை கோரிப்பாளையத்தில் இருந்து அண்ணா பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் கே.கே.நகர். 2003 மே 20 காலை அங்கே வாக்கிங் போன தா.கிருட்டிணன் வீடு திரும்பவில்லை, வெட்டிக் கொல்லப்பட்டார்.

யார் இவர்? 1967, 1971 தேர்தல்களில் சிவகங்கையில் ஜெயித்த திமுக எம்.பி. பிறகு தமிழக அமைச்சர். 'பசும்பொன்' கிருட்டிணன் என்றால் தென் மாவட்டங்களில் சட்டென்று தெரியும்.

கொலை வழக்கில் மு.க.அழகிரி உள்பட 13 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். விசாரணை ஆந்திராவின் சித்தூருக்கு மாறியது. 2008 மே மாதம் 13 பேரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்றால், கொன்றது யார்? வீட்டில் காத்திருந்த குடும்பத்துக்கு 5 வருட வழக்கு தந்தது தீர்ப்பை மட்டும்தான். கொலையாளியின் பெயர் அதில் இல்லை.