பள்ளிக் கட்டடத்தின் வாசல்: இரட்டைமலை சீனிவாசனும் 1924-இன் தீர்மானமும்

இரட்டைமலை சீனிவாசனை வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தவராகவே நம்மில் பலர் அறிவோம். சட்டம் பயில்வோர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி அதற்கு ஆறாண்டுகள் முந்தையது. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு கட்டடத்தின் வாசலை அடைக்க எவருக்கு அதிகாரம் உண்டு என்ற கேள்வியை அவர் சென்னை சட்டமன்றத்தில் எழுப்பிய ஆண்டு 1924.

செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில், 1860-ஐ ஒட்டிப் பிறந்தவர் அவர். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் பயின்ற சுமார் 400 பேரில் ஏறக்குறைய அனைவரும் பார்ப்பனர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். பள்ளியில் அவருக்கு இடம் இருந்தது. அந்த வளாகத்தில் நிற்கும் துணிவுதான் மறுக்கப்பட்டிருந்தது. 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

பின்னர் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பறையர் மகாஜன சபையின் வழியே பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1900-இல் கடல் கடந்தவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சட்டத்தின் சொற்கள் நீதிமன்றத்தில் எவ்வாறு எடைபோடப்படுகின்றன என்பதை அங்கே நாள்தோறும் கேட்டிருப்பார் என்று எண்ணுகிறேன். தாயகம் திரும்பி 1923-இல் சட்டமன்ற உறுப்பினரானார்.

அப்போதைய பள்ளிகளின் நிலை என்ன? வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த நம் நெமிலிப் பகுதி உட்பட, மாகாணமெங்கும் பொதுத் தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகம் பெரும்பாலும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு ஆகியவற்றின் கையில் இருந்தது. எங்கே கட்டுவது, எந்த வீட்டை வாடகைக்கு எடுப்பது என்பதையெல்லாம் முடிவு செய்தவை இந்தப் போர்டுகளே. பல ஊர்களில் அவை தேர்ந்த இடங்கள் அக்கிரகாரம், கோயில் மண்டபம், சாவடி அல்லது ஆதிக்கச் சாதியார் ஒருவரின் வீட்டுத் திண்ணை. 1919-இல் அரசே வெளியிட்ட ஆணையின்படி, பொது நிர்வாகத்தில் இருந்த 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஏறத்தாழ 600-இல் மட்டுமே பஞ்சமர் எனப்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். வீட்டு உரிமையாளர் ஒப்பவில்லை என்பது வழக்கமான பதில்.

இந்தப் பதில் சட்டப்படி நிற்காதது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, ஒரு கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அதன் அனுபவ உரிமை வந்துவிடுகிறது. வாடகையைப் பொதுநிதியிலிருந்து செலுத்திய போர்டு, யார் படியேறலாம் என்பதை உரிமையாளரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. அதிகாரம் போர்டிடம் இருந்தது. அதைச் செலுத்த வேண்டிய உறுப்பினர்களோ பெரும்பாலும் அந்த உரிமையாளர்களின் உறவினரும் சாதியினரும்.

1924 ஆகஸ்டில் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் இந்த முடிச்சின் மீது கைவைத்தது. எந்த வகுப்பினரும் பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களுக்கு இணையாகப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25 அன்று அது 2660 எண்ணிட்ட அரசாணையானது. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதை விட்டு, அது பொதுப் பயனுக்கு உரியதா என்று கேட்க வைத்த ஆணை அது.

ஆனால் அதற்குப் பல் இல்லை. மீறுவோருக்குத் தண்டனை என்பது, சட்டமன்ற உறுப்பினர் வீரையனின் முயற்சியால் 1926-இல் உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வந்தது. போர்டுகள் கதவைத் திறக்கத் தயங்கிய ஊர்களில் அரசு வேறு வழி தேடியது; தொழிலாளர் துறையின் பெயரால் தனிப் பள்ளிகளை நிறுவியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான். தனிப் பள்ளி தேவையாயிருந்தது. பொதுப் பள்ளி தன் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ளவும் அதுவே வழியானது என்பது என் கருத்து.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொது இடம் ஆகியவற்றில் சாதித் தடையை விலக்கியதைக் காண அவர் இல்லை. 1924-இன் வாசகத்தை அருகில் வைத்துப் படித்தால் உறவு புலப்படும்.

இன்று நெமிலி வட்டாரத்தின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இயங்குகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு; பாதிப்பேர் பெண்கள். கட்டடத்தின் உரிமை குழுவுக்கு இல்லை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதவும், வரும் நிதி எங்கே செலவாகிறது என்று பார்க்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. புதிய வகுப்பறை ஊர்ப் பக்கம் எழுமா, காலனிப் பிள்ளைகள் எளிதில் நடந்து வரும் இடத்தில் எழுமா என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டிய தாள் அந்தத் திட்டமே. அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.