வணிகராக வ.உ. சிதம்பரனார்

வ.உ. சிதம்பரனார் என்றவுடன் நம் நெஞ்சில் முதற்கண் எழுவது சிறைச் செக்கு. அடுத்து எழுவது கப்பல். இவ்விரண்டையும் மேடைதோறும் பேசி வந்துள்ளோம். ஆயின் அக்கப்பலுக்குப் பின்னாலிருந்த கணக்கேட்டைப் பற்றிப் பேசினோமா எனில், இல்லை என்றே கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் மன்றப் பேச்சுப் போட்டி ஒன்றில் வணிகவியல் மாணவர் ஒருவர் எழுந்து, ஐந்தாண்டுக்குள் மூடப்பட்ட நிறுவனத்தை உருவாக்கியவரைத் தொழில் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும் என்று வினவினார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். நமக்கோ அவ்வினா நேர்மையானதாகவே பட்டது. அன்று தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளை, பரமாயி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையார் வழியைப் பின்பற்றி வழக்குரைஞர் தேர்வில் தேறி, 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வணிகக் குடியில் பிறந்தவரல்லர்; கடல் தொழிலில் பழகியவருமல்லர். எனினும் துறைமுக நகரில் வாழ்பவர் கண்ணுக்குக் கப்பல் படாமல் போகாது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே வணிகரையும், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரையும், சரக்கு மூட்டைகளையும் ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தன. கட்டணமும் அவர்கள் விதித்ததே. வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பரவிய காலம் அது. முதலில் தருமசங்க நெசவுச் சாலை போன்ற சிறு முயற்சிகளில் கைவைத்துப் பார்த்த சிதம்பரனார், பின்னரே கடலை நோக்கித் திரும்பினார்.

1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பங்கின் விலையை 25 ரூபாய் என வைத்ததிலேயே அவர்தம் நோக்கம் விளங்குகின்றது. பெருஞ்செல்வர் சிலரிடம் மட்டும் கையேந்தாமல், நடுத்தர நிலையினரும் பங்கு கொள்ளத்தக்க வகையில் அதனை அமைத்தார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். செயலாளர் பொறுப்பை ஏற்றவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். அவர் வாங்கிய பங்குகள் 8,000. அதாவது 2 இலட்சம் ரூபாய். முழு மூலதனத்தில் ஐந்தில் ஒரு கூறு ஒரே முஸ்லிம் பெருமகனிடமிருந்து வந்தது! காயல்பட்டினமும் கீழக்கரையும் பல நூற்றாண்டுகள் மரக்கலம் செலுத்திய கரையில் இது வியப்பன்று எனலாம். எனினும் நம் பாடநூல்களில் சேட் அவர்களின் பெயர் ஒரு வரியைத் தாண்டுவதில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடாமலிருக்க இயலவில்லை. இத்துணைப் பெரிய பொறுப்பில் சிதம்பரனார் தமக்கு வைத்துக்கொண்டது துணைச் செயலாளர் என்னும் இடமே. பெயரைப் பிறர்க்குத் தந்து உழைப்பைத் தாம் எடுத்துக்கொண்டார்.

தொடக்கத்தில் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியாரிடம் வாடகைக்குக் கப்பல் பெற்று ஓட்டினர். வெள்ளையர் கம்பெனி அவர்களை நெருக்கவே, கப்பல் திரும்பப் பெறப்பட்டது. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டத்தைத் தொடரச் செய்தார் சிதம்பரனார். ஆயினும் பிறர் கருவியை நம்பித் தொழில் செய்பவனின் கழுத்து எப்போதும் பிறர் கையில் இருக்கும் என்பதை அந்நிகழ்ச்சி அவருக்கு உணர்த்திற்று. சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய் புறப்பட்டார். வீட்டிலே மகன் நோயுற்றிருக்க, மனைவியார் கருவுற்றிருக்க, கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் மாய்வேன் என உறுதி பூண்டு சென்றார் என்பர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சங்கத்தின் உடைமையாயின. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம்.

மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். இங்கேதான் போட்டியின் கடுமை தொடங்கிற்று. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் எட்டணாவாக இறக்கியது. அவர்களோ கட்டணமே வேண்டாம், ஏறுவோர்க்குக் குடையும் இலவசம் என்றனர். இக்குடைக் கதையை நாம் நகைச்சுவையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். வணிகவியல் மாணவர் இதனை வேறு கண்கொண்டு பார்த்தல் வேண்டும். நிரம்பிச் சென்றாலும் வெறுமையாகச் சென்றாலும் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். மாலுமிக்குச் சம்பளம் வேண்டும். அக்கம்பெனிக்குப் பல கடல்களில் பல வழித்தடங்கள் இருந்தன. தூத்துக்குடியில் இழந்ததை வேறு துறைமுகத்தில் ஈட்டிக்கொள்ளும். நம்மவர்க்கு இருந்ததோ ஒரே கடல்வழி. எட்டணாக் கட்டணத்தால் மக்கள் மனம் நிறைந்தது. சங்கத்தின் பெட்டி நிறையவில்லை.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகைக்கு அடுத்து வலியறிதலை வைத்தார். செயலின் பளு, தன் ஆற்றல், எதிரியின் ஆற்றல், துணைவரின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோடும் அதிகாரம் அது. திருக்குறளில் தோய்ந்த சிதம்பரனார் முதல் மூன்றையும் நன்கு எடைபோட்டார் என்றே கருதுகின்றோம். துணைவரின் ஆற்றலைக் கணிப்பதில்தான் அவர்தம் அன்புள்ளம் சற்று ஏமாந்துவிட்டது. பங்கு வாங்கியோர் பலர் உணர்ச்சி மேலீட்டால் வாங்கினர். உணர்ச்சி, முதலைத் திரட்டித் தரும். நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும் பொறுமையைத் தராது.

நிர்வாகத்தாருள் சிலருக்கு அவர்தம் அரசியல் ஈடுபாடு அச்சம் தந்தது. வணிகம் செய்பவருக்கு மேடை எதற்கு என அவர்கள் எண்ணினர். அவ்வச்சத்தை முற்றும் தவறு என நாம் கூறமாட்டோம். ஆனால் அந்த மேடை இல்லையெனில் கப்பலுக்குப் பயணிகள் ஏது? சுதேசிச் சொல்தானே அவர்களைக் கரைக்கு அழைத்து வந்தது! 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் சுப்பிரமணிய சிவாவுடன் சிதம்பரனார் முன்னின்றார். தொழிலாளர்க்குக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. கப்பல் முதலாளியாக இருந்துகொண்டே ஆலைத் தொழிலாளிக்காகப் பேசியவர் அன்று வேறு யார்? மார்ச்சு 12-இல் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. சூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் அவர் பட்ட துன்பத்தை நாடறியும்.

அவர் சிறை சென்றபின் சங்கத்தைத் தாங்கி நிற்க ஒருவரும் இல்லை. 1911-இல் அது மூடப்பட்டது; கப்பல் விலைபோயிற்று. அடக்குமுறையே காரணம் என்று நாம் கூறிவிடுகின்றோம். அது உண்மை; முழு உண்மையன்று. மூலதனமும் மக்கள் ஆதரவும் கப்பலும் இருந்தும், தமக்குப்பின் அதே சுமையைத் தூக்கவல்ல இரண்டாமவர் ஒருவரை அவர் உருவாக்கவில்லை. இதனைக் குறையாகச் சொல்லத் தயங்குகின்றோம்; ஈராண்டுக்கும் குறைந்த காலத்தில் அவர் வேறு என்னதான் செய்திருக்க முடியும்? ஆயினும் சொல்லாமல் விடுதல் மாணவர்க்கு நாம் செய்யும் நன்மையாகாது.

1912 டிசம்பரில் விடுதலை பெற்று வந்தபோது கப்பலும் இல்லை, வழக்குரைஞர் உரிமையும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க முயன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டித் தந்த 347 ரூபாய் 12 அணா காந்தியடிகள் வாயிலாக 1916-இல், மிகவும் காலந்தாழ்ந்தே, வந்து சேர்ந்தது.

தமிழாசிரியர்களாகிய நம்மை வியக்க வைப்பது பிறிதொன்று. வாழ்வில் முன்னேறும் வழிகளைக் கூறும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைச் சிதம்பரனார் தமிழாக்கினார். மனம்போல வாழ்வு அவற்றுள் ஒன்று. மனிதன் தன் எண்ணத்தால் தன் சூழ்நிலையை ஆக்கிக்கொள்கின்றான் என்பது அந்நூலின் சாரம். அதனை மொழிபெயர்த்த காலத்தில் அவர் இருந்தது சிறையில்! தம் சூழ்நிலையை ஒரு நீதிபதியின் பேனா ஆக்கிவைத்திருந்த வேளையில் அக்கருத்தை அவர் எங்ஙனம் ஏற்றார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. சொல்லளவில் ஏற்றவரல்லர் என்பதற்குப் பிற்கால வாழ்வே சான்று. கடை நொடித்தபோதும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தையும் அச்சேற்றினார். இழந்த வழக்குரைஞர் உரிமை வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் துணையால் திரும்பக் கிடைத்தபோது, அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். எந்த இனம் தம்மைச் சிறையிலிட்டதோ அந்த இனத்தவர் ஒருவர் பெயரை மகனுக்குச் சூட்டியது, பகையையும் நன்றியையும் தனித்தனிப் பேரேட்டில் எழுதத் தெரிந்தவர் செயல்.

1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. 2011-இல் அவ்வூர்ப் பெருந்துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. பத்து இலட்சம் ரூபாய் நிறுவனத்தை எழுப்பியவர், இறுதி நாளில் எழுதுவித்த உயிலில் எண்ணெய்க் கடைக்கும் துணிக் கடைக்கும் தாம் தரவேண்டியிருந்த சில்லறைப் பாக்கிகளைக் கடைவாரியாகக் குறித்துவைத்திருந்தார்.