கிண்ணத்தில் கலந்த நீர்

திருப்பலியில் காணிக்கை வேளையில் அருட்பணியாளர் கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றி, அதில் சிறிதளவு தண்ணீரைக் கலக்கிறார். பாடற்குழுவினர் பாடிக்கொண்டிருக்கும் நேரம் அது. காணிக்கைப் பையும் வரிசை வரிசையாகச் சுற்றி வரும். ஆகவே நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தத் தண்ணீர் நாம்தான் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே விளக்கிச் சொன்னவர், கார்த்தேஜ் நகரின் ஆயர் புனித சிப்ரியான்.

அன்று சில இடங்களில் கிண்ணத்தில் இரசமே இல்லாமல் தண்ணீரை மட்டும் வைத்துத் திருப்பலி நிறைவேற்றும் பழக்கம் இருந்தது. அதைத் திருத்த அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரசம் கிறிஸ்துவின் இரத்தம், தண்ணீர் மக்கள் என்றார். தண்ணீர் மட்டும் இருந்தால் கிறிஸ்து இல்லாமல் நாம் மட்டும் நிற்கிறோம்; இரசம் மட்டும் இருந்தால் நம்மை விட்டுவிட்டுக் கிறிஸ்து மட்டும் நிற்கிறார். கலந்த பிறகோ ஒன்றிலிருந்து மற்றதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. அப்பத்தைப் பற்றியும் இவ்வாறே விளக்கினார். பல கோதுமை மணிகள் அரைபட்டு, பிசையப்பட்டு ஒரே அப்பம் ஆவதுபோல, பலராகிய நாம் ஒரே உடலாகிறோம்.

திருச்சபை என்று நாம் சொல்லும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் எக்ளேசியா. அழைக்கப்பட்டுக் கூடியவர்கள் என்பது அதன் பொருள். நம் தமிழில் சபை என்ற சொல்லும் கூடியிருக்கும் மக்களையே குறிக்கிறது. ஆனால் நடைமுறையில் 'சர்ச்' என்றதும் நம் கண்முன் வருவது கோபுரமும் மணியும்தான். சிப்ரியான் காலத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கோபுரமும் இல்லை, பேராலயமும் இல்லை. அவர்களிடம் இருந்தது கூடுகை ஒன்றே. அதுவும் ஒருமுறை சிதறிப்போனது. சிதறிய அந்த மக்களைத் திரும்பச் சேர்த்ததுதான் சிப்ரியானின் வாழ்க்கை.

கார்த்தேஜ் இன்றைய துனீசியா நாட்டில், தலைநகர் துனிஸுக்கு அருகில் உள்ளது. சிப்ரியான் வசதியான குடும்பத்தவர். பேச்சுக்கலையைக் கற்பித்துப் புகழ்பெற்றவர். நடுத்தர வயதில், சுமார் 246-ஆம் ஆண்டில், ஒரு முதிய குருவின் நட்பால் கிறிஸ்துவை அறிந்து திருமுழுக்குப் பெற்றார். சொத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் அவரையே ஆயராக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். நேற்று வந்தவர் இன்று ஆயரா என்று மூத்த குருக்கள் ஐவர் எதிர்த்தனர். அவர்களுடைய வருத்தம் நமக்குப் புரியாததன்று. அந்த எதிர்ப்பு கடைசிவரை முற்றிலும் ஓயவில்லை.

250-ஆம் ஆண்டில் தேசியு பேரரசரின் ஆணை வந்தது. பேரரசில் வாழ்ந்தோர் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் நடந்ததைச் சிப்ரியானே வேதனையோடு எழுதிவைத்தார். யாரும் இழுத்துச் செல்லாமலே கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பலியிடச் சென்றார்கள். பொழுது சாய்ந்ததால் நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும் பலர் திரும்பிப் போக மனமின்றிக் கெஞ்சினார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றார்கள். இன்னும் சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உறுதியாக நின்றவர்கள் சிறைக்கும் வதைக்கும் ஆளானார்கள்.

ஆயர் எங்கே? அவர் மறைந்திருந்தார். உரோமையில் திருத்தந்தை ஃபேபியன் அந்த ஆண்டு சனவரியிலேயே மறைசாட்சியாக இறந்திருக்க, கார்த்தேஜ் ஆயரோ தப்பிப் போய்விட்டார். உரோமைக் குருக்கள் இதைக் குத்திக்காட்டி எழுதினார்கள். புனிதர் வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுவது உண்டு. நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. தாம் அகப்பட்டால் மக்கள்மீதும் தாக்குதல் பெருகும், மேய்ப்பரில்லாத மந்தை சிதறும் என்பது அவர் கூறிய காரணம். அது உண்மையா, அச்சத்துக்குப் போட்ட போர்வையா என்று அன்று கேட்டவர்களுக்கு அவரிடம் சான்று எதுவும் இருக்கவில்லை. அவர் கடிதங்களை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். சிறையில் இருப்போரைக் கவனியுங்கள், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் என் பங்கிலிருந்து கொடுங்கள் என்று பணமும் அனுப்பினார். 2020-இல் ஆலயக் கதவுகள் மூடியிருந்த மாதங்களில், மக்கள் முகத்தைப் பார்க்காமல் மேய்ப்புப்பணி செய்வது எவ்வளவு கடினம் என்று குருக்களாகிய நாம் உணர்ந்தோம். அவர் ஓராண்டுக்கும் மேலாக அப்படி இருந்தார்.

251-இல் அவர் திரும்பி வந்தபோது உண்மையான சிக்கல் காத்திருந்தது. தவறி விழுந்தவர்கள் திரும்பி வர விரும்பினார்கள். அவர்களை என்ன செய்வது? ஒரு பக்கம், சிறையில் துன்புற்றவர்கள் கொடுத்த சமாதானக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தவமோ ஒப்புரவோ இல்லாமல் உடனே நற்கருணை கேட்டவர்கள். அவர்களை அப்படியே ஏற்று, ஆயரை எதிர்த்துத் தனிக்கூட்டம் சேர்த்தார் திருத்தொண்டர் பெலிசிசிமு. மறு பக்கம் உரோமையில் நொவாசியான் என்ற குரு, விழுந்தவர்களுக்குத் திருச்சபையில் ஒருபோதும் இடமில்லை என்றார். திருத்தந்தை கொர்னேலியுவுக்கு எதிராகத் தம்மையே ஆயராக்கிக்கொண்டார். முன்னவர் கதவே வேண்டாம் என்றார், பின்னவர் கதவை நிரந்தரமாகப் பூட்டினார். இருவருமே பிரிந்துபோய்த் தனிச்சபை வைத்தார்கள்.

சிப்ரியான் தாமாக ஒரு தீர்ப்பை எழுதி அனுப்பவில்லை. குருக்களின் ஆலோசனையும் மக்களின் ஒப்புதலும் இன்றித் தனியாக எதையும் செய்வதில்லை என்று ஆயரான நாள்முதல் தீர்மானித்திருந்தார். ஆகவே ஆப்பிரிக்க ஆயர்களைக் கூட்டி ஆராய்ந்தார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது; பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்வது, சாகும் தறுவாயில் அவர்களுக்கு ஒப்புரவு அளிப்பது என்று முடிவாயிற்று. பின்பு இன்னொரு கலாபனை வரும் என்ற அறிகுறி தெரிந்தபோது, தவம் செய்துகொண்டிருந்த அனைவரையும் உடனே நற்கருணைக்கு ஏற்கும்படி ஆயர்கள் தீர்மானித்தார்கள். கிறிஸ்துவின் இரத்தம் அருந்தும் கிண்ணத்தை மறுத்துவிட்டு, கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்துங்கள் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதே அவர்கள் சொன்ன காரணம். முதலில் கண்டிப்பாக இருந்த சிப்ரியானே இப்போது இளகிப்போனார். சட்டத்தை அல்ல, எதிரே நின்ற மனிதர்களைப் பார்த்து மாறினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கருத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பிறசமய நண்பர்களை நோக்கி அதைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் அவர் மனத்தில் இருந்தவர்கள் திருச்சபையை உடைத்துத் தனிக்கூட்டம் சேர்த்த கிறிஸ்தவர்கள்தான். கொடிமர உரிமைக்காகவும் திருவிழா வரவு செலவுக்காகவும் ஒரே பங்கில் இரண்டு அணியாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நற்கருணை வாங்கும் நம்மிடம்தான் அந்தக் கடிதங்கள் இன்று வந்து சேர வேண்டும்.

பிறகு கொள்ளைநோய் வந்தது. நோயாளிகளைச் சொந்த வீட்டாரே தெருவில் விட்டுவிட்டு ஓடினார்கள். சிப்ரியான் மக்களைக் கூட்டி, நம்மவர்க்கு மட்டும் நன்மை செய்தால் அதில் சிறப்பு ஒன்றுமில்லை, நம்மைத் துன்புறுத்தியவர்களுக்கும் செய்ய வேண்டும் என்று எடுத்துரைத்தார். பணமுள்ளவர்கள் பணமும் இல்லாதவர்கள் உழைப்பும் கொடுத்தார்கள். நூமிடியா பகுதியில் கொள்ளையர்கள் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சென்றபோது, கார்த்தேஜ் சபை 1,00,000 செஸ்தெர்சு நாணயம் திரட்டி அனுப்பியது. பணத்தோடு, கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் சிப்ரியான் இணைத்தார். கல்வெட்டில் பொறிப்பதற்காக அல்ல, மீட்கப்பட்டவர்கள் தங்கள் செபத்தில் அவர்களை நினைப்பதற்காக.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. பிரிந்த சபையில் திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வந்தால் மீண்டும் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். வேண்டாம் என்றார் திருத்தந்தை ஸ்தேவான். 256-இல் 87 ஆயர்களின் கருத்தைத் திரட்டி நின்றார் சிப்ரியான். பிற்காலத் திருச்சபை உரோமையின் வழக்கத்தையே ஏற்றது. நாமும் இன்று அதையே பின்பற்றுகிறோம். ஆயினும் கருத்து வேறுபடும் ஆயர் எவரையும் உறவிலிருந்து விலக்குவதில்லை என்று அந்தச் சங்கத்தின் தொடக்கத்திலேயே அவர் அறிவித்திருந்தார். வாதத்தில் கடுமை இருந்தது, பிரிவினை ஏற்படவில்லை.

257-இல் வலேரியன் பேரரசரின் கலாபனையில் அவர் கூரூபிஸ் என்ற கடலோர ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவரப்பட்டுத் தம் தோட்டத்தில் தங்கியிருந்தார். ஆளுநர் அப்போது ஊட்டிக்கா நகரில் இருந்தார். அங்கே அவரைக் கொண்டுபோக வீரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. சிப்ரியான் மறுபடியும் மறைந்துகொண்டார்! ஆனால் இம்முறை காரணம் வேறு. ஆயர் தம் சொந்த நகரில், தம் மக்களிடையே சாட்சி சொல்லிச் சாக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆளுநர் கார்த்தேஜுக்குத் திரும்பும்வரை காத்திருந்து, பின் தம் தோட்டத்துக்கே வந்து அகப்பட்டார். முன்பு மக்களுக்காக உயிரைக் காத்துக்கொண்டதாகச் சொன்னவரிடம் அன்று இல்லாத சான்று இப்போது கிடைத்துவிட்டது.

அன்றிரவு அவர் காவலில் இருந்த வீட்டுக்கு வெளியே தெருவெங்கும் மக்கள் விழித்திருந்தார்கள். கூட்டத்தில் இருந்த இளம்பெண்களைப் பாதுகாப்பாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து அவர் சொல்லியனுப்பினார். மறுநாள், 258 செப்டம்பர் 14. மரண தண்டனை வாசிக்கப்பட்டதும் அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். அவரோடு எங்களையும் வெட்டுங்கள் என்று மக்கள் குரலெழுப்பிப் பின்தொடர்ந்தனர். சிலர் மரங்களில் ஏறிப் பார்த்தனர். தம்மை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார். கண்ணை அவரே துணியால் மூடிக்கொண்டார். கைகளைக் கட்ட ஒரு குருவும் ஓர் உதவித் திருத்தொண்டரும் உதவினார்கள். அவருக்கு முன்னே மக்கள் தங்கள் துணிகளை விரித்தார்கள்.

இருட்டிய பிறகு மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி, செபித்துக்கொண்டே, வெற்றிப் பவனி போல அவர் உடலை மப்பாலியச் சாலை வழியே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் பலியிட ஓடியவர்களும் அந்தக் கூட்டத்தில் நடந்திருப்பார்கள்.