நேதாஜியும் பிரிவின் விலையும்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விடுதலைக்குக் கொடுத்த விலையில் அவரது குடும்பமும் அடங்கும். அவர் பேர்லினில் அரசியற் பணியில் மூழ்கியிருக்க, கருவுற்ற மனைவி எமிலி தமது ஊரான வியன்னாவுக்குச் சென்று, 1942 நவம்பர் 29 இல் மகளை ஈன்றார். குழந்தைக்குப் பத்து வாரங்களே ஆகியிருந்தபோது, 1943 பெப்ரவரியில், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் துணைவர, நேதாஜி ஜேர்மன் நீர்மூழ்கியில் கிழக்காசியாவுக்குப் புறப்பட்டார். மனைவியையும் மகளையும் ஏற்கும்படி அண்ணன் சரத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார்.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தாரின் மூதாதையரைப் போலத் தமிழகத்திலிருந்து சென்று, மலாயா இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அவரது படையில் சேர்ந்தனர். அவர்களும் வீட்டாரைப் பிரிந்தவர்களே.

1945 ஆகஸ்ட் 18 இல் தாய்பே விமான விபத்து அவரது வாழ்வை முடித்தது. எமிலி உழைத்து மகளை ஆளாக்கி, 1996 இல் மறைந்தார். களத்தில் நின்றவரைப் போற்றும் வரலாறு, வீட்டில் காத்திருந்தவரையும் மறத்தலாகாது.